கீழ் வரிசைப் பெட்டிகள்

அந்த அறிக்கை எழுபத்திரண்டு பக்கம். அதை அச்செடுத்து முடிப்பதற்குள் பல் டாக்டரின் பிரிண்டர் இரண்டு முறை மூச்சு வாங்கியது, ஒரு முறை காகிதத்தை மென்று துப்பியது. கடைசிப் பக்கம் வெளியே வந்தபோது, நாற்பது வருஷமாக ஊரார் வாயையே பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் தன் வாயை முதல்முறையாக முழுசாகப் பிளந்தார்.

வியாழக்கிழமைகளில் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை அவருடைய கிளினிக் மூடியிருக்கும். நோயாளிகளுக்குத்தான் மூடல். காத்திருப்பு அறையில் ஆறு பேர் கூடிப் பங்குச் சந்தையைப் பிரித்து மேய்வார்கள். அந்த அறை எவ்வளவு சின்னது என்றால், ஒருவர் காலை நீட்ட மற்ற ஐந்து பேரும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். சுவரில் ஆள் உயரக் கடைவாய்ப்பல் ஒன்று, தன் சொத்தையைக் கொஞ்சமும் வெட்கமில்லாமல் காட்டிக்கொண்டு படமாக நிற்கும். அந்தப் பல்லுக்கு நேர் கீழே தலைவர் நாற்காலி. அதில் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவிடமே அடையாள அட்டை கேட்கிற மனுஷர்.

அவருக்கு எதிரே கணக்கு டீச்சரம்மா. ஓய்வுபெற்று ஒன்பது வருஷம் ஆகியும் குரல் மட்டும் இன்னும் கடைசி பெஞ்சை நோக்கியே போகும். ஜன்னலோரம் முன்னாள் பஸ் கண்டக்டர். அவரிடம் இருப்பது பத்தே பத்துப் பங்கு, பேசுவது பத்தாயிரம் பங்குக்கு. அதனால் அவர் பெயரே ‘பத்துப் பங்கு’ என்றாகிவிட்டது.

மீன் தொட்டிக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் ஐஸ்பெட்டியார். குளிர்சாதன மெக்கானிக்காக முப்பத்தெட்டு வருஷம் உழைத்தவர். பெற்றோர் வைத்த பெயர் பென்ஷன் புத்தகத்தில் மட்டும் உயிரோடு இருந்தது. ஒரு கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே அது பிறந்த வருஷம், பெற்ற ஃபேக்டரி, இனி வரப்போகிற வியாதி மூன்றையும் சொல்லிவிடுவார். ஐஸ்பெட்டியாரின் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருப்பவர் அவருடைய சகலை. மனைவியின் அக்காவைக் கட்டியவர், அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் மேற்பார்வையாளராக இருந்தவர். ஒரே கட்டடத்தில் மாடியில் சகலை வீடு, கீழே ஐஸ்பெட்டியார் வீடு. மேலே குழாய் ஒழுகினால் கீழே வாளி வைப்பார்கள். மேலே சண்டை நடந்தால் கீழே டிவியை அணைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள். வியாழக்கிழமை தவறாமல் இருவரும் சகலையின் காரில் வந்து இறங்குவார்கள்.

இந்த வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ‘அவரவர் தொழில், அவரவர் பக்கம்’ என்பது அதன் பெயர். ஒரு கம்பெனியை வாங்கலாமா என்று பார்க்கும்போது கடன் விவகாரம் மேனேஜருக்கு, எண்கள் டீச்சரம்மாவுக்கு, இயந்திரம் ஐஸ்பெட்டியாருக்கு, பெட்டியும் பொட்டலமும் சகலைக்கு, போக்குவரத்து பத்துப் பங்குக்கு. பல் டாக்டர், கம்பெனி முதலாளி சிரிக்கும் புகைப்படத்தைப் பார்த்துப் பல்லைப் பற்றி மட்டும் அபிப்பிராயம் சொல்லலாம். ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் மூக்கை நுழைக்கக் கூடாது. எல்லாரும் நோட்டுப் புத்தகத்தில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வாங்குவது. பதினோரு வருஷத்தில் இந்த முறையில் அவர்கள் பெரிதாக ஏமாந்ததில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் அப்படித்தான் அந்தச் சின்னக் குளிர்கிடங்குக் கம்பெனியின் பங்கை வாங்கினார்கள். பழம், மீன், மருந்து என்று கெட்டுப்போகக்கூடிய எதையும் வாடகைக்குக் குளிரில் வைத்துக் காப்பாற்றும் கம்பெனி. முதலீட்டாளர்கள் நேரில் வந்து பார்க்கலாம் என்று அழைப்பு வந்தது. ஆறு பேரும் போனார்கள். கிடங்கு வாசலில் ஆளுக்கொரு தடித்த கோட்டு கொடுத்தார்கள். டீச்சரம்மாவின் கோட்டு அவரைவிட அரை அடி நீளம். பத்துப் பங்குக்குக் கிடைத்த கோட்டில் இன்னொரு கண்டக்டரையும் ஏற்றிக்கொள்ளலாம். உள்ளே போனால் அப்படி ஒரு குளிர்! மேனேஜர் சொன்ன நகைச்சுவை ஒன்று பாதி வழியிலேயே உறைந்து விழுந்து, வெளியே வந்த பிறகுதான் எல்லாரும் சிரித்தார்கள். தரையிலிருந்து கூரை வரை பன்னிரண்டு அடுக்குப் பெட்டிகள், மதில் மதிலாக.

ஐஸ்பெட்டியார் பெட்டிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அது அவர் பக்கம் இல்லையே. நேரே இயந்திர அறைக்குப் போனார், புதுக் கம்ப்ரஸரின் மேல் காதை வைத்தார், கண்ணை மூடினார். அது முனகவில்லை, இருமவில்லை, தூங்குகிற குழந்தை மாதிரி மூச்சு விட்டது. “தங்கமே” என்று அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். வெளியே வந்து நோட்டில் ‘சரி’ என்று எழுதினார், கீழே இரண்டு கோடு வேறு போட்டார். சகலையும் தன் பக்கத்தில் ‘சரி’ என்று எழுதினார்.

ஐஸ்பெட்டியார் அதோடு நிற்கவில்லை. தன் தங்கையிடம் போய் அந்தக் கம்ப்ரஸரின் புகழைப் பாடினார். தங்கை கணவனை இழந்தவள், தையல் கடை வைத்திருக்கிறாள். வாடகை இடம். கட்டடக்காரர் அதை விற்கப் போகிறார், இந்த மாதக் கடைசிக்குள் அவளே வாங்கிக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். கணவன் இறந்தபோது வந்த பணம் கடையின் விலைக்குக் கொஞ்சம் போதாமல் இருந்தது. “மூணு மாசம் போட்டு வச்சா போதும், அந்தக் கொஞ்சமும் சேர்ந்துடும்” என்று அண்ணன் சொன்னார். மூன்று மாதத்துக்கு முன்னால் மொத்தத்தையும் போட்டாள்.

இப்போது இந்த அறிக்கை. திங்கட்கிழமை வெளியானது. அந்தக் கம்பெனியின் கிடங்குகளில் முக்கால்வாசி காலி, அடுக்கி வைத்திருப்பது வெறும் பெட்டி, வாடகை வருமானம் வெறும் எழுத்து என்று எழுபத்திரண்டு பக்கம் அடித்துச் சொன்னது. வியாழக்கிழமைக்குள் பங்கின் விலை பாதியாகிவிட்டது. அன்று காலை கம்பெனி ஒரு மறுப்பு வெளியிட்டதும் கொஞ்சம் ஏறி, மூச்சுப் பிடித்து நின்றது. விற்பதா, வைத்திருப்பதா? சந்தை மூன்றரை மணிக்கு மூடும். மணி இரண்டேகால்.

“முதல்ல இதை எழுதினவன் யாருன்னு பாருங்க” என்று மேனேஜர் ஆரம்பித்தார். “ஷார்ட் செல்லர்! இவன் பேச்சையெல்லாம் ஒரு பேச்சுன்னு பிரிண்ட் எடுத்து, பேப்பர் வேற வீணா.”

“பேப்பர் என்னுது” என்றார் டாக்டர்.

“அந்த ஷார்ட் செல்லர்னா என்னன்னு எனக்கு இன்னும் சரியாப் பிடிபடல” என்றார் ஐஸ்பெட்டியார்.

பத்துப் பங்கு எழுந்தே நின்றுவிட்டார். “நான் சொல்றேன் கேளுங்க. உங்ககிட்ட ஒரு குடை இருக்கு. நான் அதை இரவல் வாங்கறேன். மழை கொட்டுது. குடைக்கு நல்ல விலை. உங்க குடையை எவனுக்கோ வித்துடறேன். அப்புறம் வெயில் அடிக்குது, குடையைச் சீந்துவாரில்லை. அதே மாதிரி ஒண்ணைச் சல்லிசா வாங்கி உங்க கையில குடுத்துடறேன். நடுவுல இருக்கிற காசு என் பையில.”

“வெயில் அடிக்கலேன்னா?”

“அதான் விஷயமே! வெயில் அடிக்கணும்னு ஊர் பூரா போய் ‘மழை நின்னுடுச்சு, மழை நின்னுடுச்சு’ன்னு கத்துவான். அந்தக் கத்தல்தான் இந்த எழுபத்திரண்டு பக்கம்.”

“அதேதான்!” மேனேஜர் மேசையைத் தட்டினார். “விலை விழுந்தா அவனுக்கு லாபம். லாபத்துக்கு எழுதறவன் எழுத்தை எப்படி நம்பறது?”

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பில் அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ முட்டி போடும் நேரம் என்று அர்த்தம். “விலை ஏறினா நமக்கு லாபம் சார். அப்போ கம்பெனி நல்ல கம்பெனின்னு நாம சொல்றதையும் யாரும் நம்பக் கூடாது, இல்லையா?”

“நாம நேர்ல போய்ப் பாத்தோம்மா!”

“பல்லைப் பிடுங்கினா எனக்கும்தான் காசு” என்றார் டாக்டர் சாவகாசமாக. “அதுக்காகச் சொத்தை இல்லைன்னு ஆயிடுமா?”

“டாக்டர், நீங்க யார் பக்கம்?”

“நான் பல்லு பக்கம்.”

மேனேஜர் விடுவதாக இல்லை. அறிக்கையில் இருக்கும் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். கிடங்கு ஆற்றுக்கு வடக்கே என்று எழுதியிருக்கிறது, கிழக்கே. முதலாளிக்கு ஐம்பத்தாறு வயது என்று எழுதியிருக்கிறது, ஐம்பத்து நாலு. ஒரே லாரி எண் இரண்டு பட்டியலில் வருகிறது. “ஒருத்தன் வயசையே ஒழுங்கா எழுதத் தெரியாதவன், கிடங்குக்குள்ள இருக்கிறதைச் சொல்ல வந்துட்டான்!”

“கம்பெனி குடுத்த மறுப்புல வயசெல்லாம் சரியா இருக்கு” என்றார் டீச்சரம்மா. “பெட்டியில என்ன இருக்குன்னு மட்டும் ஒரு வரி இல்ல. மூணு பக்கத்துல ‘அவதூறு’ன்னு பதினாலு தடவை வருது. எண்ணினேன்.”

கடைசியில் வழக்கப்படி செய்வதென்று முடிவாயிற்று. டீச்சரம்மா உரக்கப் படிப்பார். அவரவர் பக்கம் வரும்போது அவரவர் தீர்ப்பு. கடன் பக்கம் வந்தது. மேனேஜர், “சாமர்த்தியமா எழுதியிருக்கான், ஆனா ஆதாரம் இல்ல” என்றார். லாரிப் பக்கம் வந்தது. பத்துப் பங்கு, ஒரு நாளைக்கு நாலு லாரி என்று எண்ணினவன் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பான் என்று தீர்ப்பளித்தார். பிறகு இயந்திரப் பக்கம். கிடங்கில் இருக்கும் நாலு கம்ப்ரஸர்களில் ஒன்று மட்டுமே ஓடுகிறது, விருந்தாளிகள் வரும் நாளில் அவர்கள் பார்க்கிற ஒரு அறையை மட்டும் குளிர வைப்பார்கள் என்று இருந்தது.

ஐஸ்பெட்டியாருக்கு முகம் சிவந்துவிட்டது. காதை வைத்துக் கேட்டது ஒன்றைத்தான். மற்ற மூன்றின் பக்கம் போகவேயில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. “நான் கேட்ட மெஷின் முதல் தரமான மெஷின். என் காது பொய் சொல்லாது” என்றார்.

“அதைத்தானே அவனும் சொல்றான், ஒண்ணு ஓடுதுன்னு” என்று டீச்சரம்மா முணுமுணுத்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பெட்டிப் பக்கம்.

“‘அட்டைப்பெட்டித் தொழிலில் நீண்ட அனுபவம் உள்ள, அந்தக் கிடங்கை நேரில் பார்த்த ஒருவர் எங்களிடம் கூறியது’” என்று டீச்சரம்மா படித்தார். “‘சரக்கு நிறைந்த பெட்டிகளைப் பன்னிரண்டு அடுக்கு ஏற்றினால், குளிரின் ஈரத்தில் பத்தே நாளில் கீழ் வரிசை இடுப்பு பெருத்து, மூலைகள் மடங்கிவிடும். இங்கே கீழ் வரிசை இஸ்திரி போட்ட சட்டை மாதிரி நின்றது. மூன்றாவது மதிலில் ஒரு பெட்டியைச் சுண்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லாத சத்தம்.’”

வழக்கப்படி எல்லாத் தலைகளும் சகலையின் பக்கம் திரும்பின.

சகலை மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். “எழுதினவனுக்குப் பெட்டியைப் பத்தி ஒண்ணுமே தெரியாது” என்றார். “இப்போ வர்ற அட்டையெல்லாம் வேற. கீழ் வரிசையெல்லாம் வீங்காது. நான் ‘சரி’ன்னு எழுதினது எழுதினதுதான்.”

“அப்பாடா!” மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். “பெட்டிக்காரரே சொல்லிட்டாரு. இனிமே என்ன?”

ஐஸ்பெட்டியார் மட்டும் சகலையை மறுபடி திரும்பிப் பார்த்தார்.

கீழ் வரிசை வீங்காதாம்! முப்பது வருஷமாக அந்த மனுஷர் வாயிலிருந்து அவர் கேட்டது எல்லாம் கீழ் வரிசைதான். ஐஸ்பெட்டியார் வீடு மாறியபோது லாரியை நடுத்தெருவில் நிறுத்தி, கீழ்ப்பெட்டிக்குத் தொப்பை போட்டுவிட்டது என்று அத்தனை சாமானையும் இறக்கி மறுபடி அடுக்க வைத்தவர் இவர். புது ஃப்ரிட்ஜ் வந்தபோது, அடி அட்டை அரை விரல் அமுங்கியிருக்கிறது என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார். அதற்குள் கோடைக்காலமே முடிந்துபோயிற்று. மகள் கல்யாணத்தில் பந்தி நடக்கும்போதே சமையல்காரரின் எண்ணெய்ப் பெட்டிகளைப் பார்க்கப் போய்விட்டார். அட்டை எந்த நாட்டு அட்டையாக இருந்தாலும் ஈரம் பட்டால் கீழ் வரிசைதான் முதலில் காட்டிக்கொடுக்கும் என்று போன மாதம்கூடக் கார் ஓட்டிக்கொண்டே சொன்னார்.

அன்றைக்குக் கிடங்கிலும், இயந்திர அறையிலிருந்து வெளியே வந்த ஐஸ்பெட்டியார் பார்த்திருந்தார். சகலை ஒரு கையுறையைக் கழற்றி, வாயில் கவ்விக்கொண்டு, பெட்டி ஒன்றை நகத்தால் சுண்டிக்கொண்டிருந்தார்.

“அஞ்சு நிமிஷம்” என்று ஐஸ்பெட்டியார் எழுந்தார். “சகலை, கொஞ்சம் உள்ள வாங்க.”

“டாய்லெட்டுக்குத் துணைக்கா?” என்று பத்துப் பங்கு சிரித்தார்.

டாக்டரின் எக்ஸ்ரே அறையில் ஒரு ஆளும் ஒரு தாடையும்தான் கொள்ளும். இருவரும் மூக்கோடு மூக்கு உரச நின்றார்கள். கதவை ஐஸ்பெட்டியார் சாத்தினார்.

“அந்தப் பெட்டியைச் சுண்டினது நீங்கதானே?”

“எந்தப் பெட்டி?”

“சகலை. என்கிட்டயா?”

சகலை ஆணியில் தொங்கிய கனத்த எக்ஸ்ரே அங்கியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். அந்த அறையில் பார்ப்பதற்கு அதற்குமேல் ஒன்றும் இல்லை.

“அன்னைக்குச் சந்தேகம்தான்” என்றார். “எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்க. நீங்க ரெண்டு கோடு வேற போட்டீங்க. நான் மட்டும் எப்படி மாத்தி எழுதறதுன்னு ‘சரி’ன்னு போட்டுட்டேன். மனசு கேக்கல. நான் வேலை பாத்த பழைய ஃபேக்டரியில போய் அந்தப் பெட்டிகளைப் பத்தி விசாரிச்சேன். எனக்கு முன்னாடியே ஒரு பொண்ணு அங்க வந்து விசாரிச்சுட்டுப் போயிருந்தா. இந்த அறிக்கைக்காரங்ககிட்ட வேலை பாக்கறவ. அப்புறம் என்னைத் தேடி வந்தா. பாத்ததைச் சொன்னேன்.”

“எப்போ?”

“ஆறு மாசம் இருக்கும்.”

“அவகிட்ட சொன்னீங்க.”

“ஆமா.”

“என்கிட்ட சொல்லல.”

“கையெழுத்து வாங்கிட்டாங்க சகலை. அறிக்கை வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு. விட்டா எல்லாரும் விப்பாங்க, அவங்க திட்டம் கெட்டுடும். அதுக்குக் கொஞ்சம்...” அவர் விரல்கள் காற்றில் எதையோ எண்ணிவிட்டு மடங்கின.

“காசு.”

சகலை தலையை ஆட்டினார்.

“உங்க பங்கு?”

“அப்பவே வித்துட்டேன்.”

ஐஸ்பெட்டியாருக்குக் கோபம் வரும் என்று அவரே எதிர்பார்த்தார். வரவில்லை. “ஆறு மாசமா உங்க கார்லதான் வர்றேன்” என்றார். “வாரத்துக்கு ஒரு தடவை, போக வர. அந்தப் பாலத்துக்கிட்ட சிக்னல் மூணு நிமிஷம் நிக்குது. அங்கயாவது சொல்லியிருக்கலாமே.”

“நினைச்சேன்.”

“திங்கக்கிழமை அறிக்கை வந்துடுச்சு. அதுக்கப்புறம் எந்தக் கையெழுத்து தடுத்தது? இப்போ வெளிய உக்காந்து, வீங்காதுன்னு சொல்றீங்க.”

“உண்மைன்னு சொன்னா, எப்போலேந்து தெரியும்னு கேப்பீங்களே” என்றார் சகலை, அழுதுவிடுகிற குரலில்.

அப்போதுதான் ஐஸ்பெட்டியாருக்கு அது உறைத்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு படுத்திருந்தார். தங்கைக்குப் பங்கு வாங்குகிற ஃபாரத்தை எழுதிக் கொடுக்க அவர் அனுப்பியது சகலையை.

“என் தங்கச்சி ஃபாரத்தை நீங்கதானே எழுதினீங்க?”

“மூணு நாள் தள்ளிப் போட்டேன். நாலாம் நாள் அவளே ஃபோன் பண்ணினா. மாட்டேன்னா ஏன்னு கேப்பா. என்ன சொல்லட்டும்?” சகலை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “இப்பவும் கெட்டுப் போகல. மணி மூணுதான். விலை கொஞ்சம் ஏறி நிக்குது. முதல்ல தங்கச்சியோடதை விக்கச் சொல்லுங்க. பாதியாவது தேறும். அப்புறம் வெளிய போய் மத்தவங்ககிட்ட சொல்லுங்க. வாங்க ஆளே இல்லாத பங்கு, அவங்க அத்தனை பேரும் ஒரே நேரத்துல வித்தா விலை நிக்காது.”

ஐஸ்பெட்டியார் ஃபோனை எடுத்தார். நம்பரைத் தேடினார். கட்டைவிரல் அதன் மேல் போய் நின்றது. நியாயமான யோசனைதான். ரத்த சொந்தம், அதுவும் புருஷனை இழந்தவள். பத்து நிமிஷம் முந்திக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? கதவுக்கு அந்தப் பக்கம் டீச்சரம்மாவின் குரல் கேட்டது. யாரிடமோ, “ஐஸ்பெட்டி சார் காது வச்சுக் கேட்டுட்டு நல்லா இருக்குன்னாரு, அதனாலதான் நான் ரெண்டாவது தடவையும் வாங்கினேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டைவிரலை எடுத்துவிட்டார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். காத்திருப்பு அறையின் நடுவில், பல் துலக்கும் முறை பற்றிய துண்டுப் பிரசுரங்களை ஒதுக்கிவிட்டு ஃபோனை மேசைமேல் வைத்தார். ஸ்பீக்கரைப் போட்டுத் தங்கையின் நம்பரை அழுத்தினார்.

“என்ன சார், வீட்டுப் பேச்சை எங்களுக்கும் ஒலிபரப்பறீங்க?” என்றார் மேனேஜர்.

“எல்லாரும் கேக்கணும்.”

தையல் மெஷின் கடகடவென்று ஓடுவது முதலில் கேட்டது. பிறகு நின்றது. “சொல்லுண்ணே.”

“உன் பங்கு எல்லாத்தையும் இப்பவே வித்துடு. ஃபோன்லயே விக்கலாமில்ல? உடனே வித்துடு.”

“எதுக்குண்ணே? பாதி விலைக்கா? காலையில ஏறியிருக்குன்னு சொன்னாங்களே.”

“வித்துடுன்னு சொல்றேன்ல.”

“நீ பதட்டத்துல சொல்ற. உனக்கு மெஷின்தான் தெரியும். பெரியண்ணே பக்கத்துல இருக்காரா? அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும், விக்கறேன். அவர்தானே ஃபாரமெல்லாம் எழுதினாரு. அவரு நிதானமான ஆளு.”

ஐஸ்பெட்டியார் திரும்பிப் பார்த்தார். எக்ஸ்ரே அறை வாசலில் சகலை நின்றுகொண்டிருந்தார். பதினோரு வருஷமாக உட்கார்ந்த நாற்காலி நாலடி தூரத்தில் இருந்தது. அதில் வந்து உட்காரவில்லை.

“வாங்க” என்றார் ஐஸ்பெட்டியார். “உங்களைத்தான் கேக்கறா. நீங்களே சொல்லுங்க.”

சகலை வந்தார். மேசைமேல் குனிந்து, ஃபோனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

“வித்துடும்மா” என்றார். “பெட்டியெல்லாம் காலி. அந்த அறிக்கையில பெட்டியைப் பத்திச் சொன்ன ஆளு நான்தான்.”

பத்துப் பங்கின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அந்த அறை அதற்கு முன் அப்படி ஒரு அதிசயத்தைப் பார்த்ததில்லை. டீச்சரம்மா எழுபத்திரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து, ஓரம் தட்டி, மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“உங்களுக்கு எப்போ தெரியும் பெரியண்ணே?” என்று ஃபோன் கேட்டது.

“...ஆறு மாசம்.”

“நான் போட்டு மூணு மாசம்தானே ஆகுது?”

“ஆமாம்மா.”

ஃபோனில் தையல் மெஷினின் சக்கரம் ஒரு சுற்று சுற்றி நின்றது.

“ஃபாரம் எழுதின அன்னைக்கு டீ போட்டு வச்சேன்” என்றாள் அவள். “வேலை இருக்குன்னு குடிக்காமப் போயிட்டீங்க. நான்தான் சர்க்கரை ஜாஸ்தியாப் போட்டுட்டேனோன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்.”

சகலை ஃபோனை வாயிலிருந்து விலக்கிப் பிடித்தார்.

“இரும்மா, முதல்ல வித்துடு” என்று ஐஸ்பெட்டியார் ஃபோனை நோக்கிக் குனிந்து சொன்னார். “அப்புறம் பேசலாம்.”

“விக்கறேண்ணே. கட்டடக்காரர்கிட்ட நாளைக்கே சொல்லிடறேன், எடுக்க முடியாதுன்னு. துணி குடுத்தவங்க நிக்கறாங்க. வைக்கறேன்.”

ஃபோன் அணைந்ததும்தான் அறைக்கு உயிர் வந்தது. வந்த உயிர் ஒரேயடியாக வந்தது. மேனேஜர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார், தலை பல் படத்தில் மோதியது. சிக்னல் கிடைக்காமல் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, “விலை என்ன, விலை என்ன?” என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். டாக்டர் தன் ஃபோனின் கடவுச்சொல்லை மூன்று தடவை தப்பாக அடித்து, அது பூட்டிக்கொண்டுவிட்டது. டீச்சரம்மா மட்டும் நிதானமாக ஒவ்வொரு பட்டனாக அழுத்தினார், முடித்தார், கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்தார். போகும்போது சகலையின் முன்னால் ஒரு கணம் நின்றார். திட்டப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். “உங்க பக்கம்னு நான் திரும்பியே பாக்கல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஐஸ்பெட்டியாருக்குத் தன் பங்கு ஞாபகத்துக்கே வரவில்லை. தங்கையின் முகம்தான் கண்முன் நின்றது, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு வாடிக்கையாளருக்கு அளவெடுக்கிற முகம். மாதக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அதற்குள் அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? வீட்டில் மனைவியிடம் என்ன சொல்வது? மனைவி மாடியில் இருக்கும் அக்காவிடம் என்ன கேட்பாள்? அக்காவுக்கும் தெரிந்திருக்குமோ? யோசனை அதுவரை போய், அதற்குமேல் போக மறுத்தது.

“சகலை” என்று மெதுவாக ஒரு குரல்.

சகலை ஐஸ்பெட்டியாரின் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்து நீட்டிக்கொண்டிருந்தார்.

ஐஸ்பெட்டியார் அந்தக் கைகளைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

“மேசையில வைங்க” என்றார்.

சகலை வைத்தார். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்த பிறகு, ஐஸ்பெட்டியார் ஃபோனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று பத்துப் பங்கைக் கேட்டார்.